தேவ சித்தத்துக்கு ஒப்புக்கொடுப்பது என்றால் என்ன?

சபைக்குப் புதிதாக வருகிற யாரும் சில வாரங்களுக்குள் கேட்டுவிடுகிற வாக்கியம் ஒன்று உண்டு: "எல்லாத்தையும் கர்த்தர்கிட்ட ஒப்புக்கொடுத்துடுங்க." வேலை கிடைக்கவில்லை என்றாலும் இதுதான் ஆலோசனை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலும், கல்யாணம் தள்ளிப்போனாலும் இதேதான். சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவருக்குக் குழப்பம் தீருவதில்லை. சரி, ஒப்புக்கொடுக்கிறேன், அதற்கு இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? கண்ணை மூடி "ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே" என்று சொன்னால் முடிந்ததா? நாளைக்கு மறுபடியும் கவலை வந்தால் இன்றைக்கு ஒப்புக்கொடுத்தது பொய்யா? மருந்து சாப்பிடலாமா, வேறு வேலைக்கு மனு போடலாமா, இல்லை ஒன்றும் செய்யாமல் காத்திருக்க வேண்டுமா?

இதற்கெல்லாம் பதில் தேட வேதம் முழுவதையும் புரட்டத் தேவையில்லை. ஒரே ஓர் இரவை நிதானமாக வாசித்தாலே பாதிக்கு மேல் தெளிவாகிவிடும். இயேசு கெத்செமனே தோட்டத்தில் இருந்த இரவு அது. மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

தோட்டத்தில் நடந்தது

கடைசி இராப்போஜனம் முடிந்து இயேசு சீஷர்களோடு அங்கே வருகிறார். மற்றவர்களை ஓரிடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் மட்டும் கூட்டிக்கொண்டு போகிறார். போனதும் அவர்களிடம் சொல்கிற முதல் வார்த்தை, "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்பது. கூடவே, என்னோடு விழித்திருங்கள் என்று கேட்கிறார். ஒப்புக்கொடுத்த மனிதர் என்றால் முகத்தில் கலக்கமே தெரியக் கூடாது, யாருடைய துணையும் தேவைப்படக் கூடாது என்று நினைக்கிறோமே, அந்த எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

பிறகு சற்றுத் தள்ளிப் போய் முகங்குப்புற விழுந்து ஜெபிக்கிறார். முதல் ஜெபம் இப்படி இருக்கிறது: "என் பிதாவே, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." பாத்திரம் என்று அவர் சொல்வது தமக்கு முன்னால் இருந்த பாடுகளையும் மரணத்தையும். வந்து பார்த்தால் மூவரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். பேதுருவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறுபடியும் போகிறார். இரண்டாம் ஜெபத்தில் வார்த்தைகள் மாறிவிட்டன: "என் பிதாவே, இந்தப் பாத்திரத்தில் நான் பானம்பண்ணினாலொழிய இது என்னைவிட்டு நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். முதலாவதில் "நீங்கும்படி செய்யும்" என்ற வேண்டுதல் முன்னால் நிற்கிறது. இரண்டாவதில் அந்த வேண்டுதல் இல்லை. நீங்காது என்றால் குடிக்கிறேன் என்கிற இடத்துக்கு ஜெபம் நகர்ந்திருக்கிறது. மூன்றாம் முறையும் போய் அதே வார்த்தைகளைச் சொல்கிறார். நம்மில் பலர் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கப் பார்க்கிற ஒன்றை தேவகுமாரனே மூன்று முறை போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. எபிரெயர் நிருபம் இன்னும் ஒரு படி மேலே போய், அவர் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் வேண்டிக்கொண்டார் என்று எழுதுகிறது.

அப்புறம் "எழுந்திருங்கள், போவோம்" என்கிறார். வெளியே எதுவும் மாறவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வந்துகொண்டுதான் இருக்கிறான். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் பதறாமல் இருக்கிறவர் அவர் ஒருவர்தான். பட்டயத்தை உருவின சீஷனைத் தடுக்கிறார், வெட்டப்பட்ட காதைத் தொட்டுச் சுகமாக்குகிறார், என்னைத் தேடி வந்தீர்களானால் இவர்களைப் போகவிடுங்கள் என்று சீஷர்களுக்காகப் பேசுகிறார்.

ஆக, ஒப்புக்கொடுத்தல் என்பதை இப்படிச் சொல்லலாம்: நான் விரும்புவதை மறைக்காமல் தேவனிடம் சொல்லி, முடிவை அவர் கையில் விட்டு, அந்த முடிவு எதுவானாலும் அவரோடு நடந்துபோகச் சம்மதிப்பது. மூன்றும் சேர்ந்துதான் ஒப்புக்கொடுத்தல். முதல் பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டு, "எனக்கு ஆசையே இல்லை ஆண்டவரே, உம் இஷ்டம்" என்று சொல்வது பக்தியாகத் தோன்றலாம். பல நேரம் அது பயம்தான். கேட்டுக் கிடைக்காமல் போனால் வலிக்குமே என்று கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

யாரிடம் கொடுக்கிறோம்?

இங்கேதான் விதியே என்று இருப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் தெரியும். விதியிடம் யாரும் அழுது மன்றாட முடியாது. அதற்குக் காது கிடையாது. இயேசுவோ "அப்பா பிதாவே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். அப்பத்தைக் கேட்கிற மகனுக்குக் கல்லைக் கொடுக்காத ஒருவரிடம்தான் பேசுகிறோம் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், ஒப்புக்கொடுத்தல் வெறும் தோல்வியாகத்தான் தோன்றும். ரோமர் 8:32-ஐ இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். தம்முடைய சொந்தக் குமாரனென்றும் பாராமல் நமக்காக அவரை ஒப்புக்கொடுத்தவர் தேவன் என்கிறார் பவுல். நம்மிடம் கேட்பதற்கு முன்பே அவர் கொடுத்து முடித்திருக்கிறார்.

அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் மருத்துவர் கையில் தம் உடம்பையே கொடுக்கிறார். ஆனாலும் எங்கே வலிக்கிறது என்று சொல்லத்தான் செய்கிறார், கேள்வி கேட்கத்தான் செய்கிறார். அந்த மருத்துவர்மேல் உள்ள நம்பிக்கையில்தான் கையெழுத்துப் போடுகிறார். நம்பிக்கையே இல்லாதவரை "கையெழுத்துப் போடு, போடு" என்று நெருக்கினால் அவர் போட மாட்டார், போட்டாலும் பாதியில் எழுந்து ஓடிவிடுவார். அதனால் ஒப்புக்கொடுக்க முடியவில்லையே என்று தவிக்கிறவர்களிடம் நான் சொல்வது, முதலில் சுவிசேஷங்களை வாசியுங்கள், அவர் எப்படிப்பட்டவர் என்று பாருங்கள் என்பதுதான். குஷ்டரோகி ஒருவன் வந்து "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" என்று முழங்கால்படியிட்டபோது, அவர் மனதுருகி, கையை நீட்டி அவனைத் தொட்டு, "எனக்குச் சித்தமுண்டு" என்றார். தேவனுடைய சித்தம் என்றாலே ஏதோ பிடுங்கிக்கொள்ளப் போகிற ஒன்று என்று பயப்படுகிறவர்கள் மாற்கு முதல் அதிகாரத்தின் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது நல்லது.

தெரிந்த சித்தமும் தெரியாத சித்தமும்

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களை அதிகம் அலைக்கழிப்பது இது. தேவ சித்தம் என்பது எங்கேயோ ஒளித்து வைக்கப்பட்ட வரைபடம், அதைக் கண்டுபிடிக்காவிட்டால் வாழ்க்கையே தடம் மாறிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எந்த வேலை, எந்த ஊர், யாரோடு திருமணம் என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் தேடுகிறார்கள். வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

உபாகமம் 29:29 இதை அழகாகப் பிரித்து வைக்கிறது. மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவை, வெளிப்படுத்தப்பட்டவைகளோ நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை. வெளிப்படுத்தப்பட்ட பகுதி எது? "இதுவே தேவனுடைய சித்தம்" என்று புதிய ஏற்பாடு வெளிப்படையாகச் சொல்லும் இடங்களைப் பாருங்கள். பரிசுத்தமாக வாழுங்கள் என்கிறது 1 தெசலோனிக்கேயர் 4:3. எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யுங்கள் என்கிறது அதே நிருபத்தின் 5:18. நன்மை செய்து அறிவீனரின் வாயை அடக்குங்கள் என்கிறது 1 பேதுரு 2:15. பழைய ஏற்பாட்டில் மீகா, நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதைத் தவிர வேறென்ன கேட்கிறார் என்கிறார். எந்த வேலை என்பதைப் பற்றி இவற்றில் ஒன்றுமே இல்லை. அந்த வேலையில் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதுதான் இருக்கிறது.

உதாரணத்துக்கு உங்கள் முன்னால் இரண்டு வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சம்பளம் அதிகம், ஆனால் பொய்க் கணக்கு எழுத வேண்டும். இதற்கு உபவாசம் இருந்து தேவ சித்தம் கேட்க வேண்டியதே இல்லை, பதில் ஏற்கெனவே வந்துவிட்டது. இரண்டும் நேர்மையான வேலை என்றால் யோசியுங்கள், குடும்பத்தோடு பேசுங்கள், அனுபவமுள்ளவர்களிடம் கேளுங்கள், ஜெபியுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். யாக்கோபு 4-ஆம் அதிகாரத்தில் நாளைக்கு இந்தப் பட்டணத்துக்குப் போய் வியாபாரம் செய்வோம் என்று திட்டமிடுகிறவர்களைக் கண்டிக்கிறார். திட்டமே போடாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறார். நாளை உங்கள் கையில் இருப்பதுபோல் பேசுகிற பெருமையைத்தான் அவர் தொடுகிறார்.

பவுலின் பயணத்தைப் பார்த்தால் இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று தெரியும். அப்போஸ்தலர் 16-இல் ஆசியாவில் வசனத்தைச் சொல்ல ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார்கள், அதுவும் நடக்கவில்லை. கடைசியில் துரோவாவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு உதவிசெய்ய வாரும் என்று அழைக்கிற மக்கெதோனியா மனிதனின் தரிசனம் வருகிறது. இரண்டு கதவு மூடின பிறகும் அவர் உட்கார்ந்துவிடவில்லை, நடந்துகொண்டே இருந்தார்.

இஸ்ரவேலை மீட்க அழைக்கப்பட்ட கிதியோன், ஆட்டுத்தோலைப் போட்டு அதில் பனி பெய்கிறதா என்று பார்த்து அடையாளம் கேட்டானே என்று சிலர் கேட்பார்கள். நியாயாதிபதிகள் 6-ஐ முழுதாக வாசித்தால் தெரியும், தேவன் சொன்னது அவனுக்கு அதற்கு முன்பே தெளிவாகத் தெரியும். அவன் கேட்டது நம்ப முடியாததால். தேவன் பொறுமையாகப் பதில் கொடுத்தார் என்பது அவருடைய தயவு. அதை நாம் தினசரி முறையாக ஆக்கிக்கொள்வதற்கு அங்கே ஆதாரம் இல்லை.

இதன் பெயரால் நடக்கிற தவறுகள்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனென்றால் நல்ல போதனை தவறான கையில் கிடைத்தால் ஆட்களை நசுக்கிவிடும்.

முதலாவது, சும்மா இருப்பது. ஒப்புக்கொடுத்துவிட்டேன், இனி மருத்துவரும் வேண்டாம், முயற்சியும் வேண்டாம் என்று சிலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். எருசலேம் அலங்கத்தைக் கட்டின நெகேமியா எதிரிகள் மிரட்டியபோது தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வருகிற வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் சொன்ன யோசனை கொஞ்சம் திராட்சரசம் குடி என்பது. அவரோடு பயணம் செய்த லூக்காவோ வைத்தியர்.

இரண்டாவது இதைவிட மோசமானது. அடி வாங்குகிற மனைவியிடம் "இது தேவ சித்தம், பொறுத்துக்கொள்" என்று சொல்வது. இதை ஆலோசனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேவனுடைய சித்தத்துக்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருந்த பவுல், தம்மைச் சவுக்கால் அடிக்கக் கட்டினபோது, ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிப்பது நியாயமா என்று கேட்டார். தமஸ்குவில் கொல்லப் பார்த்தபோது கூடையில் இறங்கித் தப்பினார். செசரியாவில் நியாயம் கிடைக்காது என்று தெரிந்தபோது இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். ஆபத்திலிருந்து விலகுவதும் சட்டத்தின் உதவியைத் தேடுவதும் ஒப்புக்கொடுத்தலுக்கு விரோதம் என்று அவர் நினைக்கவில்லை.

யோசேப்பின் வார்த்தையை இந்த இடத்தில் பலர் எடுத்துக்காட்டுவார்கள். நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறாரே, ஆகவே எல்லாம் நன்மைக்கே என்று. அந்த வாக்கியத்தைச் சொன்னது யார் என்று கவனியுங்கள். குழியில் போடப்பட்டு விற்கப்பட்டவர் சொன்னார், விற்ற அண்ணன்மார் சொல்லவில்லை. அதுவும் எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு சொன்னார். அப்போதும் அவர்கள் செய்தது தீமை என்றே பெயர் வைத்தார். துன்பப்பட்டவர் தம் வாயால், தம் நேரத்தில் சொல்ல வேண்டியதை நாம் அவருக்குப் பதிலாக முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

மூன்றாவது, உங்கள் வாழ்க்கையைப் பற்றிய தேவ சித்தத்தை இன்னொருவர் தீர்மானித்து அறிவிப்பது. அப்போஸ்தலர் 21-இல் அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் இவருக்கு இப்படி நடக்கும் என்கிறார். சொன்னது உண்மைதான். உடனே சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் போகாதீர்கள் என்று அழுது வேண்டிக்கொள்கிறார்கள். பவுல் போகிறேன் என்கிறார். கடைசியில் அவர்கள் "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" என்று அமர்ந்துவிடுகிறார்கள். உண்மையான தீர்க்கதரிசனம் வந்த இடத்திலும் போவதா வேண்டாமா என்கிற முடிவு பவுலிடமே இருந்தது. ஆலோசனை கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். உங்கள் மனசாட்சியை மட்டும் யாரிடமும் குத்தகைக்கு விடாதீர்கள்.

பேரம் பேசுவதும் ஒன்று இருக்கிறது. நான் ஒப்புக்கொடுத்தால் அவர் கண்டிப்பாகக் கொடுத்துவிடுவார் என்று உள்ளுக்குள் கணக்குப் போடுவது. ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்த சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் அக்கினிச்சூளையில் போடுவேன் என்று மிரட்டிய அந்த ராஜாவிடம், எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணிய மாட்டோம் என்றார்கள். அந்த இரண்டாம் வாக்கியத்தை நாம் சொல்ல முடிகிறதா என்பதில் பேரம் தெரிந்துவிடும்.

காலும் மனமும்

யோனாவைப் பற்றி ஒரு வார்த்தை. நினிவேக்குப் போய்ப் பிரசங்கி என்று தேவன் சொன்னபோது முதலில் ஓடினான், மீன் வயிற்றிலிருந்து வந்த பிறகு சொன்னபடி நினிவேக்குப் போனான், சொன்னபடி பிரசங்கித்தான். வெளியிலிருந்து பார்த்தால் முழுக் கீழ்ப்படிதல். ஆனால் நான்காம் அதிகாரத்தில் நகரம் அழியவில்லையே என்று கோபத்தோடு அதற்குக் கிழக்கே உட்கார்ந்திருக்கிறான். கால் நினிவேக்குப் போய்விட்டது, மனம் இன்னும் போகவில்லை. சபை வேலை எல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டே உள்ளுக்குள் தேவனோடு கசப்பில் இருப்பது நடக்கக்கூடியதுதான். ஆனாலும் யோனா அந்தக் கோபத்தைத் தேவனிடமே சொன்னான், தேவனும் அவனோடு பேசிக்கொண்டிருந்தார். புத்தகம் தேவனுடைய கேள்வியோடு முடிகிறது. யோனாவின் பதில் அதில் இல்லை.

"இல்லை" என்ற பதில் வரும்போதும் இப்படித்தான் பேச்சு தொடர வேண்டும். மாம்சத்தில் கொடுக்கப்பட்ட முள் நீங்கும்படி பவுல் மூன்று முறை வேண்டினார். முள் என்னவென்று அவர் சொல்லவே இல்லை. நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. சங்கீதம் 88 ஆரம்பம் முதல் கடைசி வரை புலம்பல், ஆறுதலான ஒரு திருப்பம்கூட இல்லாமல் முடிந்துவிடுகிறது. அதையும் சேர்த்துத்தான் வேதம் என்று நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். துக்கத்தில் இருப்பவரிடம் இரண்டாம் நாளே ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துகிறவர்கள் இந்தச் சங்கீதத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வந்தால் நல்லது.

எங்கே தொடங்குவது

"என் வாழ்க்கை முழுவதையும்" என்று மொத்தமாகச் சொல்வது சுலபம். பெயர் சொல்லிக் கொடுப்பதுதான் கஷ்டம். இயேசு சபைத் துறவியர் அமைப்பைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய அர்ப்பண ஜெபம் ஒன்றில், என் சுதந்திரம், என் ஞாபகம், என் புத்தி, என் சித்தம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். நீங்களும் ஒன்றை எடுங்கள். மகனுடைய படிப்பு, அடுத்த மாதம் வரவேண்டிய பரிசோதனை முடிவு, மன்னிக்க முடியாத ஓர் ஆள், எதுவானாலும். இதில் எனக்கு வேண்டியது இன்னது என்று பச்சையாகச் சொல்லுங்கள். பிறகு "ஆகிலும்" என்று தொடங்குங்கள். அந்த வார்த்தையில் தொண்டை அடைத்தால் பரவாயில்லை, "சொல்ல முடியவில்லை ஆண்டவரே" என்பதையும் அவரிடமே சொல்லலாம். அப்புறம் எழுந்து, அந்த விஷயத்தில் இன்றைக்கு உங்களால் செய்யக்கூடிய நேர்மையான காரியம் எதுவோ அதைச் செய்யுங்கள்.

முழுத் திட்டமும் தெரிந்த பிறகுதான் சம்மதிப்பேன் என்று காத்திருக்க வேண்டாம். மரியாளிடம் தூதன் வந்தபோது அவள் "இது எப்படியாகும்?" என்று கேட்டாள். கேட்டது தவறு என்று யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. பதில் கிடைத்ததும் "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்றாள். எகிப்துக்கு ஓட வேண்டியிருக்கும் என்று தூதன் சொல்லவில்லை. உன் ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவிப்போகும் என்பதைப் பிள்ளை பிறந்த பிறகு சிமியோன்தான் சொன்னார்.

கவலை திரும்பி வரும். வந்தால், முதலில் கொடுத்தது பொய் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. சிலுவையை எடுத்துக்கொள்வதைப் பற்றிச் சொல்லும்போது லூக்கா 9:23-இல் இயேசு "அனுதினமும்" என்று சேர்த்தே சொல்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755-இல் லண்டனில் தம் மக்களைத் தேவனோடு உடன்படிக்கையைப் புதுப்பிக்க வைத்த ஆராதனையை மெதடிஸ்ட் சபைகள் இன்றைக்கும் பெரும்பாலும் புது வருஷத் தொடக்கத்தில் நடத்துகின்றன. ஒருமுறை சொன்னவர்களே வருஷா வருஷம் வந்து திரும்பச் சொல்கிறார்கள். நேற்றுக் கொடுத்ததை ராத்திரி நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தால், காலையில் மறுபடியும் கொடுங்கள். தனியாகச் சொல்லக் கஷ்டமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர் நடுவில் தூங்கிவிட்டாலும் கோபித்துக்கொள்ள வேண்டாம், பேதுருவும் தூங்கினார்.